பூத விலங்குக்கு எந்தப் பெயர்?

அரியலூர் எலும்புகளால் வந்த குழப்பம்

தமிழ்நாட்டில் ஒரு விலங்கு இருந்தது. முழங்காலுக்குக் கீழே உள்ள ஓர் எலும்பு மட்டும் ஆறரை அடி நீளம்! நல்ல உயரமான ஆளை அதன் பக்கத்தில் நிறுத்தினாலும் எலும்புதான் உயரமாக நிற்கும்.

அது என்ன தின்றது?

1987-ல் "மாமிசம்" என்றார்கள்.

1995-ல் "இல்லை, இலை தழை" என்றார்கள்.

பிறகு வேறு சிலர் வந்தார்கள். "அது எலும்புதானா? கல்லாகிப் போன மரத்துண்டாக இருந்தால்?" என்று கேட்டார்கள்.

2023-ல் இரண்டு நிபுணர்கள் கணக்குப் போட்டார்கள். "எலும்புதான். அந்த விலங்கு நூறு டன்னுக்கு மேல் இருந்திருக்கும்" என்றார்கள்.

இத்தனை பேர் பேசினார்களே, அந்த எலும்பு எங்கே?

எலும்பு இல்லை. உதிர்ந்து பொடியாகிவிட்டது. பெயர் மட்டும் இருக்கிறது.

அந்தப் பெயர்: பிருகத்காயோசாரஸ் மாட்லியி.

வாயில் நுழையாத பெயராகத் தோன்றலாம். ஆனால் பாதிப் பெயர் நமக்குத் தெரிந்ததுதான். தஞ்சைப் பெரிய கோயில் சாமிக்கு பிருகதீஸ்வரர் என்று பெயர் அல்லவா? பிருகத் என்றால் பெரிய. காயம் என்றால் உடல். சாரஸ் என்பது கிரேக்கச் சொல். பல்லி என்று பொருள். பெரிய உடம்புப் பல்லி! மாட்லி என்பது ஒரு வெள்ளைக்கார ஆராய்ச்சியாளரின் பெயர். திருச்சி ஜில்லாவில் டைனோசர் எலும்புகள் கிடைப்பது பற்றி 1929-ல் எழுதியவர் அவர்.

பெயர் என்றால் வெறும் பெயர்தானே, இதற்கு ஏன் இத்தனை சண்டை என்று கேட்கலாம். பள்ளிப் பிள்ளைகள் டைனோசர் பெயர்களை மனப்பாடம் செய்கிறார்கள். "உலகத்திலேயே பெரிய விலங்கு நம் தமிழ்நாட்டில் வாழ்ந்தது" என்று பெருமையோடு சொல்கிறார்கள். அது நிச்சயமா, இல்லையா? நிச்சயம் இல்லை என்றால், ஏன் இல்லை? பிள்ளை கேட்டால் பெற்றோர் பதில் சொல்ல வேண்டும்.

பாப்பாரப்பட்டியில் கிடைக்குமா?

தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் ஒருவர் கிணறு தோண்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். டைனோசர் எலும்பு கிடைக்குமா?

கிடைக்காது.

காரணம், அங்கே உள்ள பாறை மிக மிகப் பழையது. தர்மபுரிப் பக்கத்துப் பாறைகளுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. டைனோசர்கள் உலகத்தில் தோன்றியது ஏறக்குறைய 23 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். அழிந்தது 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. அதாவது முதல் டைனோசர் பிறந்தபோதே பாப்பாரப்பட்டிப் பாறை கிழப் பாறை!

மேலும் அது பூமிக்கு அடியில் ஆழத்தில் வெந்து உருகி இறுகிய பாறை. எலும்பு தங்குவதற்கு மணலும் சேறும் படிந்த பாறை வேண்டும். அது அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் இருக்கிறது. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. கடல் ஏறியது, இறங்கியது. கிளிஞ்சல்கள் குவிந்து சுண்ணாம்புக் கல் ஆயின. இன்று அரியலூர் சிமெண்டு ஆலைகள் வெட்டி எடுப்பது அந்தக் கல்லைத்தான். பாப்பாரப்பட்டியில் வீடு கட்டியவர் அரியலூர் சிமெண்டு வாங்கியிருந்தால், அவர் வீட்டுச் சுவரில் அந்தக் காலத்துக் கடல் கிளிஞ்சல் கலந்திருக்கிறது.

எலும்பு இல்லாவிட்டால் என்ன? பெயர்க் குழப்பம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள பாப்பாரப்பட்டியை விட நல்ல ஊர் கிடைக்காது.

சுதந்திரப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா கடைசிக் காலத்தில் வாழ்ந்த ஊர் அது. 1925-ல் அவர் காலமானதும் அங்கேதான். அன்று அந்த ஊர் சேலம் ஜில்லா. 1965-ல் தர்மபுரி தனி ஜில்லா ஆனது. ஊர் ஓர் அங்குலம் நகரவில்லை. வீடும் தெருவும் இருந்த இடத்திலேயே இருந்தன. முகவரி மட்டும் மாறியது.

தர்மபுரிக்கே முன்னாளில் வேறு பெயர். அதியமான் ஆண்டபோது அது தகடூர். "தகடூர் ஒரு ஊர், தர்மபுரி இன்னொரு ஊர்" என்று ஒருவர் இரண்டாக எண்ணினால் தப்பு. பெயர் இரண்டு, ஊர் ஒன்று.

மதுரை மாவட்டத்தில் உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. ஒரே ஓர் எழுத்தில் கை தவறினால் பாப்பாரப்பட்டிக் கடிதம் அங்கே போய்விடும். பெயர் கிட்டத்தட்ட ஒன்று, ஊர் இரண்டு.

டைனோசர்களுக்கும் இந்த மூன்று வகைக் குழப்பமும் வந்திருக்கின்றன. இருந்த இடத்திலேயே இருந்து ஜில்லா மாறிய டைனோசர் உண்டு. ஒன்றே இரண்டாக எண்ணப்பட்டது உண்டு. ஒரே பெயரை வேறு பிராணியோடு பங்கு போட்டதும் உண்டு.

தாய்ப்பத்திரம்

விலங்குகளுக்குப் பெயர் வைக்க உலகம் முழுவதற்கும் சட்டம் இருக்கிறது. ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1758-ல் வெளியிட்ட நூலிலிருந்து இந்தக் கணக்கு தொடங்குகிறது. ஒவ்வொரு விலங்குக்கும் இரண்டு சொல். முதல் சொல் இனக்கூட்டத்தின் பெயர். இரண்டாவது சொல் அந்தக் குறிப்பிட்ட இனத்தின் பெயர்.

யார் முதலில் பெயர் வைத்தாரோ அந்தப் பெயரே செல்லும். பின்னால் வைத்தது செல்லாது.

ஒரு விலங்குக்கு வைத்த பெயரை இன்னொரு விலங்குக்கு வைக்கக் கூடாது.

இவற்றை விட முக்கியமானது ஒன்று உண்டு. பெயர் வைக்கும்போது "இந்த எலும்புக்குத்தான் இந்தப் பெயர்" என்று ஒரு மாதிரியைக் குறிப்பிட வேண்டும். அதைப் பத்திரமாக வைக்க வேண்டும். பிற்காலத்தில் யாருக்காவது சந்தேகம் வந்தால், அந்த மாதிரியைப் பார்த்துத்தான் தீர்க்க வேண்டும்.

நிலம் வாங்குகிறவர்களுக்கு இது எளிதில் புரியும். நிலத்துக்குத் தாய்ப்பத்திரம் எப்படியோ, விலங்கின் பெயருக்கு மாதிரி எலும்பு அப்படி. பக்கத்து நிலத்துக்காரர் வரப்பை நகர்த்தினால் தாய்ப்பத்திரத்தை எடுத்துக் காட்டலாம். அது கரையான் அரித்துப் போயிருந்தால்? வழக்கு இழுத்துக்கொண்டே போகும்.

கல்லமேட்டு வழக்கு அப்படிப்பட்டதுதான்.

கல்லமேட்டில் கிடைத்தது

கல்லமேடு அரியலூர்ப் பக்கத்துச் சிற்றூர். எலும்பு கிடைத்த நாளில் அது திருச்சி ஜில்லா. இந்தியப் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அங்கே பெரிய எலும்புகளைக் கண்டார்கள். இடுப்பு எலும்பு, தொடை எலும்பின் ஒரு பகுதி, முழங்காலுக்குக் கீழ் எலும்பு, முன்னங்கால் எலும்பு, வால் எலும்பு ஒன்று. 1987-ஆம் ஆண்டு தேதியிட்ட இலாகா வெளியீட்டில் பெயர் சூட்டி எழுதினார்கள்.

அவர்கள் அதை மாமிசம் தின்னும் டைனோசர் என்று வகைப்படுத்தினார்கள். அமெரிக்காவில் கிடைத்த டைரனோசாரஸ் ரெக்ஸைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். சினிமாவில் உறுமிக்கொண்டு வருமே, அதுதான். அதையே தூக்கிச் சாப்பிடும் அளவில் ஒரு மாமிச பட்சிணி தமிழ்நாட்டில் இருந்தது என்றால் எப்படி இருக்கும்!

வெளிநாட்டு நிபுணர்களுக்குச் சந்தேகம் வந்தது. இரண்டு காலில் ஓடி இரை பிடிக்கிற விலங்குக்கு இவ்வளவு தடித்த எலும்பு எதற்கு? 1995-ல் சங்கர் சட்டர்ஜி என்ற ஆராய்ச்சியாளர், இது நான்கு காலில் நடந்த, நீண்ட கழுத்தும் நீண்ட வாலும் கொண்ட, தழை தின்னும் டைனோசர் என்று எழுதினார். இன்று பெரும்பாலோர் கருத்து அதுதான்.

ஒரே எலும்பு. புலி ஜாதியிலிருந்து யானை ஜாதிக்கு மாறிவிட்டது!

"இது எப்படி நடக்கும்? படித்தவர்களுக்குப் புலிக்கும் யானைக்கும் வித்தியாசம் தெரியாதா?" என்று கேட்கலாம். தலை கிடைக்கவில்லை. பல் கிடைக்கவில்லை. கிடைத்தவையும் முழுசாக இல்லை. உடைந்த இடுப்பையும் காலையும் வைத்துத்தான் சொல்ல வேண்டும். பண்டிகை முடிந்த மறுநாள் தெருவில் கிடக்கிற ஒரு சக்கரத்தைப் பார்த்து, அது தேரா, வண்டியா என்று சொல்வது போன்ற வேலை.

சரி, எலும்பை மீண்டும் அளந்து பார்த்துத் தீர்த்துவிடலாமே?

அங்கேதான் வந்தது வினை. அந்த எலும்புகள் களிமண்ணும் மணலும் கலந்த பூமியில் இருந்தவை. தொட்டால் உதிரும். மழைக்கும் வெயிலுக்கும் தாங்காதவை. காப்பாற்றுவதற்குள் சிதைந்துவிட்டன. மிஞ்சியவை எழுதி வைத்த அளவுகளும் கோட்டுப் படங்களும்தான். அந்தக் கோட்டுப் படங்களும் தெளிவாக இல்லை என்று வெளிநாட்டார் குறை சொன்னார்கள்.

மரத்துண்டாக இருக்கலாம் என்ற பேச்சு இப்படித்தான் கிளம்பியது. அந்தப் பேச்சிலும் ஒரு நியாயம் இருந்தது. அதே வட்டாரத்தில் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் அப்படியே கல்லாகிக் கிடக்கிறது. இன்றும் போய்ப் பார்க்கலாம். கல்லான மரத்தையும் கல்லான எலும்பையும் தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும். கையில் எடுக்கத்தான் எலும்பு இல்லையே!

2022-ல் அய்யாசாமியும் பால் என்ற இன்னோர் ஆராய்ச்சியாளரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். எலும்பு எடுத்த நாளில் பிடித்த புகைப்படங்களை வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு மரம் என்ற பேச்சு அடங்கியது. மறு ஆண்டே கிரெகரி பால், லாரமெண்டி என்ற இருவர் பழைய அளவுகளை வைத்துக்கொண்டு எடை கணக்குப் போட்டார்கள். 110 டன்னிலிருந்து 170 டன் வரை இருக்கலாம் என்றார்கள். குறைந்த கணக்கையே எடுத்தாலும் 20 யானைக்கு மேல்! கடலில் உள்ள நீலத் திமிங்கலத்தோடு போட்டி போடக்கூடிய எடை.

இதைப் படித்துவிட்டு "உலகத்திலேயே பெரியது நம்முடையதுதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவது அவசரம். எலும்பு இல்லாமல் போட்ட கணக்கு அது. ஆறரை அடி என்ற அளவு சரியாக இருந்தால்தான் நூறு டன் சரி. அதே சமயம் "எல்லாம் கட்டுக்கதை" என்று ஏளனம் செய்வதும் நியாயம் இல்லை. வெயிலில் நின்று தோண்டி, அளந்து, எழுதி வைத்தவர்கள் இருக்கிறார்கள். படம் இருக்கிறது. சாட்சி இருக்கிறது, பத்திரம் இல்லை. வழக்கு அந்த நிலையில் நிற்கிறது.

திராவிடப் பல்லி

இதே யாதகிரியும் அய்யாசாமியும் 1979-ல் இன்னொரு விலங்குக்குப் பெயர் வைத்தார்கள். திராவிடோசாரஸ் பிளான்போர்டி.

முதுகில் தகடு தகடாக நிற்கும் ஒரு வகை டைனோசர் உண்டு. ஸ்டெகோசாரஸ் என்று பாடப் புத்தகத்தில் படம் போட்டிருப்பார்கள். அரியலூர் வட்டாரத்தில் கிடைத்த எலும்புகளை அந்த வகை என்று சொன்னார்கள். இது பெரிய செய்தி. ஏனென்றால் மற்ற நாடுகளில் அந்த வகை முன்பே அழிந்துபோனது. இங்கே மட்டும் ஏறக்குறைய 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை பிழைத்திருந்தது என்று ஆகும். அப்போது இந்தியா ஆசியாவோடு ஒட்டாமல் தனித் தீவாகக் கடலில் மிதந்துகொண்டிருந்தது. தீவில் தனியாகத் தப்பியிருக்கலாம் என்று காரணமும் சொன்னார்கள்.

1996-ல் சட்டர்ஜியும் ருத்ராவும் மறுத்தார்கள். இது டைனோசரே இல்லை, பிளீசியோசார் என்ற கடல் பிராணி என்றார்கள். துடுப்புப் போன்ற நான்கு கால்களால் நீந்தும் ஜந்து அது. எலும்பு கிடைத்த பாறையும் கடலில் படிந்த பாறைதான்.

இன்று உலகப் பட்டியல்களில் திராவிடோசாரஸ் என்ற பெயர் கேள்விக்குறியோடுதான் நிற்கிறது.

அது கடல் பிராணிதான் என்று நாளை தீர்ப்பானாலும் பெயர் மாறாது! சட்டப்படி பெயர் எலும்போடு ஒட்டியது. டைனோசர் பட்டியலிலிருந்து கடல் பிராணிப் பட்டியலுக்குப் போகும்போது பெயரையும் எடுத்துக்கொண்டே போகும். பாப்பாரப்பட்டி சேலத்திலிருந்து தர்மபுரிக்குப் போனபோது தன் பெயரை எடுத்துக்கொண்டு போகவில்லையா?

எலும்பைப் பார்த்து ஏமாறுவது நம் ஊரில் மட்டும் நடப்பது அல்ல. அமெரிக்காவில் கோப் என்ற பெரிய விஞ்ஞானி, இதே மாதிரி ஒரு கடல் பிராணியின் எலும்புக்கூட்டைப் பொருத்தும்போது தலையைக் கொண்டுபோய் வால் நுனியில் வைத்துவிட்டார். அவருடைய போட்டியாளர் மார்ஷ் ஜோடிக் கொம்பு ஒன்றைப் பார்த்து, பெரிய காட்டெருமை என்று 1887-ல் பெயர் சூட்டினார். அது மூன்று கொம்பு டைனோசரின் கொம்பு!

ஸ்லீமன் எடுத்த எலும்பு

வட இந்தியாவில் வழிப்பறிக் கொள்ளையர்களான தக்கர்களை ஒடுக்கியவர் ஸ்லீமன். அவர் 1828-ல் ஜபல்பூர்ப் பக்கம் சில கல்லான எலும்புகளைப் பொறுக்கினார். டைனோசர் என்ற சொல்லே அன்று கிடையாது. அந்தச் சொல்லை ஆங்கிலேயர் ஓவன் உண்டாக்கியது 1842-ல்.

எலும்புகள் கல்கத்தாவுக்குப் போயின. 1877-ல் லைடெக்கர் என்பவர் டைட்டானோசாரஸ் இண்டிகஸ் என்று பெயர் வைத்தார். வால் எலும்பின் முன்பக்கம் குழிந்தும் பின்பக்கம் உருண்டும் இருப்பதே அடையாளம் என்றார்.

பிறகு ஆர்ஜென்டினா, ஆப்பிரிக்கா என்று பல இடங்களில் அதே மாதிரி வால் எலும்புகள் கிடைக்கத் தொடங்கின. "மூக்கும் முழியுமாக இருப்பார்" என்று அடையாளம் சொன்னால் யாரைப் பிடிப்பது? 2003-ல் வில்சனும் அப்சர்ச்சும் லைடெக்கர் சொன்ன அடையாளம் போதாது, பெயர் செல்லாது என்று எழுதினார்கள். மகாராஷ்டிரத்தில் கிடைத்த வேறொரு விலங்கும் 1997 முதல் டைட்டானோசாரஸ் என்ற பெயரில் இருந்தது. அதற்கு இசிசாரஸ் என்று புதுப் பெயர் கொடுத்தார்கள். எலும்பை வைத்திருக்கும் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்து வைத்த பெயர் அது.

வேடிக்கை என்னவென்றால், "டைட்டானோசார் குடும்பம்" என்ற பெயர் இன்றும் உலகம் முழுவதும் புழங்குகிறது. கல்லமேட்டுப் பூதத்தையும் அந்தக் குடும்பத்தில்தான் சேர்க்கிறார்கள். தகப்பன் பெயர் செல்லாது. குடும்பப் பெயர் செல்லும்!

ஸ்லீமன் கண்டெடுத்த எலும்பு வெகுகாலம் காணாமல் போயிருந்தது. 2012-ல் கல்கத்தாவில் பூகர்ப்ப இலாகாவின் சேமிப்பிலேயே கிடைத்தது. 184 ஆண்டு கழித்து! பத்திரம் வீட்டுப் பரணிலேயே இருந்த கதைதான்.

இடிப் பல்லியின் வனவாசம்

அரியலூர் மாவட்டத்தின் கதை பலருக்கு நினைவிருக்கும். 2001-ல் தனி மாவட்டம் ஆனது. 2002-ல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007-ல் மறுபடி தனி மாவட்டம்.

அமெரிக்காவில் பிரான்டோசாரஸ் என்ற டைனோசருக்கும் இதே கதை. இடிப் பல்லி என்று பொருள். நடந்தால் இடி இடிக்கும் என்று மார்ஷ் 1879-ல் வைத்த பெயர். 1877-லேயே அவர் அபடோசாரஸ் என்று இன்னொன்றுக்குப் பெயர் வைத்திருந்தார். 1903-ல் ரிக்ஸ் என்பவர் "இரண்டும் ஒன்றுதான். முதலில் வைத்த பெயரே செல்லும்" என்று சொல்லிவிட்டார். இடிப் பல்லி சட்டப்படி ஒழிந்தது. ஆனால் சினிமாவும் புத்தகமும் விடவில்லை. உலகத்துக் குழந்தைகள் எல்லாம் செல்லாத பெயரையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2015-ல் நூற்றுக்கணக்கான எலும்பு அடையாளங்களை ஒப்பிட்டுப் பார்த்த மூன்று ஆராய்ச்சியாளர்கள், இரண்டும் வேறு வேறுதான் என்று எழுதினார்கள். 112 ஆண்டு வனவாசம் முடிந்து பெயர் திரும்பியது. இதை ஒப்பாதவர்களும் இருக்கிறார்கள்.

ஆப்பிரிக்காவில் ஒரு சிறிய டைனோசருக்கு 1969-ல் சின்டார்சஸ் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வண்டுக்கு வைத்த பெயர் என்று பிறகு தெரிந்தது. வண்டு ஆராய்ச்சிக்காரர்கள் விடுவார்களா? 2001-ல் அவர்களே புதுப் பெயர் வைத்துவிட்டார்கள். மெகாப்னோசாரஸ். அர்த்தம் என்ன தெரியுமா? "செத்துப்போன பெரிய பல்லி!" டைனோசர்காரர்களுக்குக் கோபம் வராமல் இருக்குமா?

திருட்டுப் பட்டம் சுமந்த விலங்கும் உண்டு. மங்கோலியாவில் ஒரு டைனோசரின் எலும்பு முட்டைக் கூட்டின் மேல் கிடந்தது. முட்டை திருட வந்தபோது செத்தது என்று நினைத்து, 1924-ல் ஓவிராப்டர், அதாவது முட்டைத் திருடன், என்று பெயர் வைத்தார்கள். 1993-ல் அதே மாதிரி முட்டை ஒன்றுக்குள் குஞ்சின் எலும்பு கிடைத்தது. பார்த்தால் அது அந்தத் "திருடன்" வகைக் குஞ்சு! பாவம், அடை காத்த தாயைத் திருடி என்று சொல்லிவிட்டார்கள். பெயரை மாற்றலாமே என்றால் சட்டம் இடம் கொடுக்கவில்லை. பொருள் தப்பு என்பதற்காகப் பெயரை மாற்ற முடியாது.

டைனோசர் என்ற பெயரே அப்படிப்பட்டதுதான். பயங்கரப் பல்லி என்று பொருள். ஆனால் டைனோசர் பல்லி இனம் அல்ல. இன்று உயிரோடு இருக்கும் பிராணிகளில் அதற்கு நேர் வாரிசு பறவைகள். பாப்பாரப்பட்டி வீட்டுக் கொல்லையில் மேயும் கோழிக்குத்தான் டைனோசரோடு இரத்த சம்பந்தம். சுவரில் ஓடும் பல்லிக்கு அல்ல.

முட்டையா, நத்தையா?

பெயர்க் குழப்பம் விஞ்ஞானிகளோடு நிற்பது இல்லை. ஊர் மக்களையும் பிடித்துக்கொள்கிறது.

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஏரியில் மண் அள்ளியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. "டைனோசர் முட்டை" என்று செய்தி பரவியது. கூட்டம் கூடியது. வந்து பார்த்த நிபுணர்கள் முட்டை இல்லை என்றார்கள். அம்மோனைட் என்ற பழைய கடல் பிராணியைச் சுற்றி மண் இறுகி உருண்டையான கல் அது. அம்மோனைட் நத்தை போலச் சுருண்ட ஓடு உள்ளது. இமயமலைப் பக்கத்து ஆறுகளில் கிடைப்பதைத்தான் சாளக்கிராமம் என்று பூஜையில் வைக்கிறார்கள்.

பாப்பாரப்பட்டிப் பக்கமும் உருண்டைக் கல் கிடைக்கலாம். கறுப்புக் கல் பாறை வெங்காயம் உரிவது போல அடுக்கடுக்காக உரிந்து, நடுவில் உருண்டையாக நிற்கும். அது வெயிலும் மழையும் செய்கிற வேலை. அங்கே அது முட்டையும் இல்லை, நத்தையும் இல்லை.

ஆனால் அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் அப்படி அலட்சியமாக இருந்துவிட முடியாது. அங்கே பத்துக் கல்லில் ஒன்று நிஜமான புதையலாக இருக்கலாம். எது கிடைத்தாலும் கழுவுவது, உடைப்பது, வீட்டுக்கு எடுத்துப் போவது கூடாது. கிடைத்த இடத்தை விட்டு எடுத்தால் எந்தப் பாறையில் இருந்தது என்பது தெரியாமல் போகும். வயதும் தெரியாது. இடத்தை அடையாளம் வைத்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொல்வதுதான் முறை. வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமும் இருக்கிறது.

கோயில் சிலை பூமியில் கிடைத்தால் என்ன செய்ய வேண்டும் என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. எலும்புக்கல்லுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இதற்கென்று ஒரு மசோதாவின் வரைவை மத்திய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. சுரங்கங்கள் ஒவ்வொரு நாளும் ஆழமாகிக்கொண்டிருக்கின்றன. மழை ஒவ்வொரு ஆண்டும் பெய்துகொண்டிருக்கிறது. ஆறரை அடி எலும்புக்கு நேர்ந்தது அடுத்த எலும்புக்கு நேராது என்று யார் சொல்ல முடியும்?

ஒரே ஒரு பல்

கல்லமேட்டு மண் வற்றிவிடவில்லை. பெரிய எலும்பு உதிர்ந்த அதே வட்டாரத்தில் பிற்காலத்து ஆராய்ச்சியாளர்கள் மண்ணைச் சலித்துப் பார்த்தார்கள். கடுகைப் புடைப்பது போலப் பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை. ஒரு சின்னப் பல் கிடைத்தது.

2013-ல் கோஸ்வாமி, பிரசாத் முதலியோர் அதைப் பற்றி எழுதினார்கள். ட்ரூடன் குடும்பத்தைச் சேர்ந்த டைனோசரின் பல் என்றார்கள். பறவைகளுக்கு நெருங்கிய உறவான, சின்ன உடம்புள்ள, சுறுசுறுப்பான குடும்பம் அது. இந்தியாவில் அதற்கு முன் கிடைத்ததில்லை.

அந்தக் குடும்பத்துக்குப் பெயர் கொடுத்த ட்ரூடனே ஒரு பல்லால் வந்த வம்புதான். 1856-ல் அமெரிக்காவில் லைடி என்பவர் ஒற்றைப் பல்லைப் பார்த்துப் பெயர் வைத்தார். முதலில் அதைப் பல்லிப் பல் என்று நினைத்தார்கள். பிறகு டைனோசர் பல் என்றார்கள். 2017-ல், அந்த ஒரு பல்லை வைத்து எந்த விலங்கு என்று சொல்ல முடியாது என்று புதிய ஆராய்ச்சிகள் வந்தன.

கல்லமேட்டுப் பல் இன்ன குடும்பம் என்பதோடு அதைக் கண்டவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். அதற்கு அவர்கள் புதுப் பெயர் எதுவும் வைக்கவில்லை.